காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பவர்: பிரெஞ்சுக் கிராமத்து பாரும் அதை நடத்தும் அயல்நாட்டாரும்

1. கேள்வி

பிரான்சின் தென்மேற்கில் உள்ள தோர்தோஞ் மாவட்டம், அதை அடுத்துள்ள லிமூசேன், ஷராந்த் பகுதிகள், வடமேற்கே பிரித்தானி ஆகிய வட்டாரங்களின் சிற்றூர்களில் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பாரின் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் பல இடங்களில் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர். பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய தம்பதி. சில ஊர்களில் நெதர்லாந்துக்காரர், பெல்ஜியக்காரர், ஐரிஷ்காரர். பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்த காலத்தில் பிரான்சில் குடியிருந்த பிரித்தானியர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் கணிசமானோர் நகரங்களில் அல்லாமல் நாட்டுப்புறத்தில் வாழ்பவர்கள். ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு தோட்டம் போடுகிறவர்கள் பலர். ஊருக்குள் கடை திறந்து பிழைக்கிறவர்கள் சிலர். இக்கட்டுரையின் அக்கறை அந்தச் சிலரைப் பற்றியது.

இப்படி அயலார் நடத்தும் பார் அந்தக் கிராமத்துக்கு என்னவாக இருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. சாகக் கிடந்த கிராமத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் உயிர் கொடுத்தார்கள் என்பது ஒன்று. ஊரின் நடுவே தங்களுக்கென ஒரு குட்டி இங்கிலாந்தை அமைத்துக்கொண்டு, ஊர்க்காரர்களை வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே நடத்துபவரின் நாட்டையும் மனப்பான்மையையும் வைத்துப் பேசுகின்றன. என் வாதம் வேறு. ஒரு பார் ஊருக்குச் சொந்தமாகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அதன் நேர அட்டவணை. குறிப்பாக, வருமானம் தராத நேரங்களில் அது திறந்திருக்கிறதா என்பது. அந்த நேரங்களின் செலவை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டால் அயலாரைப் பற்றிய கேள்வியே உருமாறிவிடுகிறது.

2. இதுவரை எழுதப்பட்டவை

பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி அயலார் எழுதியவற்றில் லூபெரோன் மலைப்பகுதி ஒரு தனி இடம் பெற்றிருக்கிறது. அமெரிக்கரான லாரன்ஸ் வைலி 1950-51இல் ரூசியோன் என்ற ஊரில் குடும்பத்தோடு தங்கி, ஊர்ப்பெயரை மாற்றி, 1957இல் 'வில்லேஜ் இன் தி வோக்லூஸ்' என்ற நூலை வெளியிட்டார். கஃபேக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. 1989இல் பிரித்தானியரான பீட்டர் மெயில் அதே மலைப்பகுதியின் மெனெர்ப் என்ற ஊரிலிருந்து 'எ இயர் இன் புரோவன்ஸ்' எழுதினார். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் புதுவாழ்வு தொடங்கும் கனவை ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தவற்றுள் அந்நூலுக்கு முக்கியப் பங்குண்டு. 2012இல் சமூகவியலாளர் ழான்-பியேர் லெ கோஃப், அருகிலேயே உள்ள கதெனே என்ற ஊரை முன்வைத்து 'லா ஃபேன் டு வில்லாழ்' என்ற நூலில் பழைய கிராமச் சமூகம் கரைந்துபோன விதத்தை விவரித்தார். ஒரே மலைத்தொடரின் அடிவாரத்தில், அறுபது ஆண்டு இடைவெளிக்குள், ஒருவர் கிராமத்தின் முழுமையைக் கண்டார். ஒருவர் அதில் இன்பத்தைக் கண்டார். ஒருவர் அதன் முடிவைக் கண்டார்.

குடியேறிய பிரித்தானியரைப் பற்றிய ஆய்வு ஹென்றி புல்லரும் கீத் ஹாகார்ட்டும் 1994இல் எழுதிய நூலிலிருந்து வேகம் பெற்றது. வீட்டுவிலை ஏறிய தென் இங்கிலாந்திலிருந்து, விலை மலிந்து கிடந்த பிரெஞ்சு நாட்டுப்புறத்துக்கு மக்கள் நகர்ந்ததை அவர்கள் ஆராய்ந்தார்கள். பின்னர் மிக்கேலா பென்சன் லோத் மாவட்டத்தில் களப்பணி செய்து 2011இல் 'தி பிரிட்டிஷ் இன் ரூரல் பிரான்ஸ்' நூலை எழுதினார். வாழ்க்கைத்தரம் தேடிய இடப்பெயர்வு என்ற கருத்தை அவரும் கேரன் ஓரைலியும் 2009இலேயே முன்வைத்திருந்தார்கள். பென்சன் சந்தித்தவர்கள் தம்மை மற்றப் பிரித்தானியரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதில் கவனமாக இருந்தார்கள். கூட்டமாக வாழும் தோர்தோஞ்காரர்களைப் போல அல்லாமல், தாம் உண்மையான பிரான்சுக்குள் வாழ்வதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அன்றாடத்தில் தம் நாட்டவரைச் சார்ந்தே இருந்தார்கள். இந்த இழுபறியைப் பென்சன் நேர்மையாகப் பதிவு செய்கிறார். எனினும் இந்த ஆய்வுமரபு வாழ்க்கையின் தரத்தை மையத்தில் வைப்பதால், என் வாசிப்பில், பிழைப்புக்காகத் தினமும் பதினான்கு மணிநேரம் நிற்கிறவர் அதன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்.

மறுபுறம், கஃபேயைப் பற்றிய கோட்பாடு அமர்ந்திருப்பவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. வீடும் பணியிடமும் அல்லாத மூன்றாம் இடம் என்ற ரே ஓல்டன்பர்க்கின் கருத்து (1989) இன்று பிரெஞ்சு அமைச்சகங்களின் அறிக்கைகளில்கூடப் புழங்குகிறது. அந்த மூன்றாம் இடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு முதலிடமும் இரண்டாமிடமும் ஆகும்: அவர் அங்கேதான் வேலை செய்கிறார், பெரும்பாலும் அதன் மாடியிலேயே குடியிருக்கிறார். இந்த எளிய உண்மையிலிருந்து தொடங்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

3. உரிமம்: ஒரு கடையா, ஊரின் சொத்தா?

அயல்நாட்டுத் தம்பதி ஒரு கிராமத்து பாரை வாங்கும்போது எதை வாங்குகிறார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டடம் ஒன்று, வணிகம் என்ற தனிச் சொத்து இன்னொன்று, மது விற்கும் உரிமம் மூன்றாவது. மூன்றும் தனித்தனியாகக் கைமாறக்கூடியவை. கட்டடத்துக்கு வாடகை கொடுத்து, வணிகத்தை மட்டும் விலைக்கு வாங்குவது வழக்கம். அந்த வாடகை ஒப்பந்தம் ஒன்பதாண்டுக் காலத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகைதாரர் விலகிக்கொள்ளலாம். இதன் சட்ட வேர் 1953ஆம் ஆண்டு ஆணை. உரிமத்தின் கதை அதைவிட நீண்டது, அரசியல் செறிந்தது.

லூயி நெப்போலியன் 1851 டிசம்பர் 2ஆம் தேதி ஆட்சியைக் கவிழ்த்த நான்கு வாரங்களுக்குள், டிசம்பர் 29ஆம் தேதி ஆணை ஒன்று வந்தது. மாவட்ட ஆட்சியரான ப்ரெஃபேயின் அனுமதி இல்லாமல் யாரும் கஃபே திறக்க முடியாது. திறந்ததை அவர் மூடலாம். குடியரசுவாதிகள் கூடிப் பேசிய இடம் கஃபே என்பதே காரணம். மூன்றாம் குடியரசு 1880 ஜூலை 17ஆம் தேதிச் சட்டத்தால் அந்தப் பூட்டை உடைத்தது. ஊர் மேயரிடம் அறிவித்தால் போதும் என்றாயிற்று. விளைவு, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் மதுவருந்தும் இடங்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சத்தை எட்டின. பிறகு மதுப்பழக்கத்துக்கு எதிரான இயக்கமும் போர்க்கால அச்சமும் சேர்ந்தன. 1915 மார்ச்சில் ஆப்சிந்த் என்ற மது தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதிச் சட்டம் புதிய கடைகள் திறப்பதைக் கட்டுப்படுத்தியது. 1941இல், இரண்டாம் உலகப் போர்க்கால விஷி அரசு பானங்களையும் உரிமங்களையும் வகைவகையாகப் பிரித்தது. பதினெட்டு டிகிரிக்கு மேற்பட்ட மதுவை விற்க நான்காம் வகை உரிமம் வேண்டும். கிராமத்து அந்திநேரத்தின் பானமான பஸ்தீஸ் 45 டிகிரி. நான்காம் வகை இல்லாத பாரில் அதை ஊற்ற முடியாது.

பொதுவிதியாக, புதிய நான்காம் வகை உரிமம் உண்டாக்கப்படுவதில்லை. இருப்பதை வாங்கலாம், இடம் மாற்றலாம். ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் உரிமம் செத்துப்போகும். ஓர் ஊரில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு நான்காம் வகை என்றால், அதை வேறு ஊருக்குக் கொண்டுபோக மேயரின் இசைவு தேவை. ஊராட்சியே உரிமத்தை வாங்கி வைத்திருப்பதும் உண்டு. 2019 டிசம்பர் 27ஆம் தேதிச் சட்டம் ஒரு விதிவிலக்கு அளித்தது: 3,500 பேருக்குக் குறைவான, நான்காம் வகை உரிமம் இல்லாத கொம்யூன்களில் (ஊராட்சி அலகுகளில்) மூன்றாண்டுக் காலம் புதிய உரிமம் உண்டாக்கலாம். குடியை அடக்க எழுந்த சட்டம் நூறு ஆண்டு கழித்து, கூடிப் பேச இடமில்லாத ஊர்களைக் கண்டு கதவைச் சற்றுத் திறந்தது.

ஆகவே அந்தத் தம்பதி வாங்குவது வெறும் கடை அன்று. பிரான்சில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் உள்ளன. பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அரசின் கணக்குப்படி, ஊரகக் கொம்யூன்களில் எந்தக் கடையும் இல்லாதவை 1980இல் 25 விழுக்காடு. இப்போது 62 விழுக்காடு. 1960களில் இரண்டு லட்சம் என்று மதிப்பிடப்பட்ட கஃபேக்கள் இன்று நாற்பதாயிரத்துக்கும் கீழே. இந்நிலையில் கடைசி உரிமத்தை வாங்கியவர் தாம் அறியாமலேயே ஊரின் பொதுச்சொத்து ஒன்றுக்குக் காப்பாளர் ஆகிறார். ஊர்க்காரர்கள் அவரை அப்படித்தான் பார்க்கிறார்கள். அவர் தம்மை முதலீடு செய்த வணிகர் என்று பார்க்கிறார். உரசல்கள் பல இந்த இடத்தில் பிறக்கின்றன.

கதவைத் திறப்பதற்கு முன் அவர் கடக்க வேண்டியவை சில. கட்டாயப் பயிற்சி 20 மணிநேரம். அதன் சான்றிதழ் பத்தாண்டு செல்லும். உணவு பரிமாறினால் சுகாதாரப் பயிற்சி 14 மணிநேரம். திறப்பதற்குப் பதினைந்து நாளுக்கு முன் மேயர் அலுவலகத்தில் அறிவிப்பு. நடைபாதையில் மேசை போட ஊராட்சியின் அனுமதி. சுவரில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகளில் பொது இடத்தில் குடிபோதையைத் தண்டிக்கும் சட்டத்தின் சுருக்கமும் ஒன்று. அந்தச் சட்டத்தின் வேர் 1873இல் இருக்கிறது. வானொலியை ஒலிக்கவிட்டால் இசையாசிரியர் சங்கமான சாசெமுக்குக் கட்டணம். அந்தச் சங்கம் பிறந்ததே ஒரு கஃபே மேசையில்: 1847இல் பாரிஸின் ஒரு கஃபேயில் தம் பாடல் தமக்குப் பணம் தராமல் இசைக்கப்படுவதைக் கேட்ட எர்னஸ்ட் பூர்ழே, குடித்ததற்குப் பணம் தர மறுத்தார், வழக்கில் வென்றார், 1851இல் சங்கம் உருவாயிற்று. இந்த நடைமுறைகள் கொடுமையானவை அல்ல, ஆனால் அனைத்தும் பிரெஞ்சு மொழியில், அலுவலக நடையில் உள்ளவை. வீடு வாங்கக் கைகொடுத்த சுற்றுலாப் பிரெஞ்சு இங்கே போதாது.

4. ஒரு நாளின் கணக்கு

கிராமத்து பாரின் நாள் ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்குகிறது. முதலில் வருபவர்கள் வேலைக்குப் போகும் வழியில் வேனை நிறுத்தும் கொத்தனார், மின்வேலைக்காரர், ஊராட்சியின் சாலைப் பணியாளர். நின்றபடியே ஒரு எஸ்பிரெஸ்ஸோ. உள்ளே நுழைபவர் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லி, கவுன்ட்டரில் நிற்பவர்களுக்குக் கை கொடுப்பது முறை. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அதில் இல்லை. வட்டார நாளிதழ் மேசையில் கிடக்கும்: தோர்தோஞ்சில் சூத் வெஸ்ட், பிரித்தானியில் வெஸ்ட் பிரான்ஸ், லிமூசேனில் லா மோந்தாஞ் அல்லது லெ பொப்புலேர். இறப்புச் செய்திப் பக்கம்தான் முதலில் புரட்டப்படும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குக் காலையிலேயே வெள்ளை வைன் ஒரு சிறு கோப்பை வேண்டியிருக்கும்.

இந்த மூன்று மணிநேரத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு முதல் பத்து வரை இருபது காப்பி, ஒன்று ஒன்றரை யூரோ என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் விழுவது 30 யூரோ. மதிப்புக் கூட்டு வரிக்கு உட்பட்ட கடை என்றால் பத்து விழுக்காடு வரி போக மிஞ்சுவது 27 யூரோ சொச்சம். காப்பித்தூள், பால், மின்சாரம், வெந்நீர், குளிர்காலத்தில் கணப்பு எல்லாம் இதற்குள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2024 நவம்பரில் மணிக்கு 11.88 யூரோ, மூன்று மணிக்கு 35 யூரோவைத் தாண்டும், முதலாளி செலுத்தும் சமூகக் காப்புத்தொகை தனி. அதாவது ஆள் வைத்து இந்தக் காலைப்பொழுதை நடத்தவே முடியாது. உரிமையாளர் தம் உழைப்புக்கு விலை போடாமல் நின்றால் மட்டுமே காலை ஏழு மணி சாத்தியம்.

பழைய பிரெஞ்சுக் கிராமத்தில் இதை நடத்திக் காட்டியது எது? குடும்பம். பாட்டி உருளைக்கிழங்கு உரிப்பார், மனைவி கவுன்ட்டரில், கணவருக்கு இன்னொரு தொழில் இருக்கும். கஃபேயோடு சேர்ந்த மளிகை, கஃபேயோடு சேர்ந்த கொல்லுப்பட்டறை, முடிதிருத்தகம், பெட்ரோல் பம்பு என்ற வகைகள் நாடெங்கும் இருந்தன. புகையிலை விற்பனை அரசின் ஏகபோகம். அதைச் சில்லறையாக விற்கும் உரிமை சுங்கத்துறையோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். அது கிடைத்த பாருக்கு நாள் முழுதும் ஆள் வரும். குதிரைப்பந்தயச் சீட்டும் 1976க்குப் பின் லோட்டோவும் சேர்ந்தன. கஃபே தனியாக நின்று பிழைத்தது அபூர்வம். விலை போடப்படாத பெண்ணுழைப்பும் துணைத்தொழில்களும் தாங்கியதால் அது நின்றது. அந்தத் தாங்குகோல்கள் விழுந்தபோது அதுவும் விழுந்தது. சிகரெட் புகைக்கத் தடை (கஃபேக்களில் 2008 ஜனவரி முதல்), குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதன் மீதான கண்காணிப்பு, தொலைக்காட்சி, பேரங்காடி என்று வழக்கமாக அடுக்கப்படும் காரணங்கள் உண்மையே. ஆனால் பிள்ளைகள் அந்த வேலையை வேண்டாம் என்று சொன்னதை நான் அவற்றுக்கு மேலே வைப்பேன்.

இந்த வெற்றிடத்துக்குள் வந்து நிற்கும் அயல்நாட்டுத் தம்பதிக்குப் பாட்டி இல்லை, மைத்துனர் இல்லை. இருவர் மட்டும். அவர்கள் பழகிவந்த மாதிரியோ இங்கிலாந்தின் பப். பப்பின் உயிர் மாலையில் இருக்கிறது. பிரெஞ்சு கிராமத்து பாரின் உயிர் காலையிலும் நண்பகலிலும் ஆறு மணிக்கு மேற்பட்ட ஒன்றரை மணிநேரத்திலும் இருக்கிறது. நண்பகல் பன்னிரண்டுக்குக் கட்டடத் தொழிலாளர்கள் உட்காருவார்கள்: முன்னுணவு, முதன்மை உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு, கால் லிட்டர் வைன், எல்லாம் ஒரே நிலையான விலையில். ஒன்றரைக்குள் எழுந்தாக வேண்டும். தாமதமானால் நாளை வேறு ஊருக்குப் போவார்கள். இரண்டு முதல் ஐந்து வரை ஒருவரும் இல்லை. ஆறு மணிக்கு பஸ்தீஸ், கீர், கால் லிட்டர் பீர். ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தந்தால் மற்றவர் திருப்பித் தர வேண்டும். எட்டு மணிக்கு ஊர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடும்.

புதிதாக வருபவர் இந்த இடத்தில் ஒரு தெரிவைச் செய்ய வேண்டியிருக்கிறது. காலையை விட்டுவிட்டு மாலையைப் பிடிக்கலாம்: வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும், வினாடி வினா இரவு, பிப்ரவரி, மார்ச்சில் ஆறு நாடுகள் ரக்பி. சுற்றுவட்டாரத்தில் சிதறி வாழும் ஆங்கிலம் பேசுவோர் காரில் வருவார்கள். ஓர் இரவின் வருமானம் ஒரு வாரக் காலைப்பொழுதை மிஞ்சும். கணக்குப்படி இது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த வாடிக்கையாளர்கள் வண்டியோட்டித் திரும்ப வேண்டியவர்கள். இங்கிலாந்தில் அனுமதிக்கப்பட்ட இரத்த மது அளவு லிட்டருக்கு 0.8 கிராம்; பிரான்சில் 0.5. போதை வெளிப்படையாகத் தெரிபவருக்கு ஊற்றிய பார்காரருக்கே அபராதம் உண்டு. அந்த வாடிக்கையாளர்களில் பலர் கோடையில் மட்டும் வருபவர்கள், அல்லது பவுண்டின் மதிப்பு சரிந்தால் கைச்செலவைச் சுருக்குபவர்கள். ஜூலை, ஆகஸ்டில் நிரம்பி வழியும் அந்தப் பார் நவம்பரில் வெறிச்சோடும். அப்போது ஊர்க்காரர்கள் வருவார்களா? காலையில் கதவு மூடியிருந்த மாதங்களில் அவர்கள் வேறு வழக்கத்துக்குப் போய்விட்டிருப்பார்கள்.

குட்டி இங்கிலாந்து என்ற குற்றச்சாட்டின் உள்ளீடு இதுதான் என்று கருதுகிறேன். அது மனப்பான்மையால் பிறப்பதைவிட நேரத்தால் அதிகம் பிறக்கிறது. கொடியும் டார்ட்ஸ் பலகையும் மாட்டியிருந்தாலும் காலை ஏழு மணிக்குத் திறக்கும் பாரில் கொத்தனார் நின்று காப்பி குடிப்பார். பிரெஞ்சு அழகியலில் தோய்ந்திருந்தாலும் மாலை ஐந்துக்குத் திறக்கும் இடத்துக்கு அவர் வரமாட்டார்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இலக்கணம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. பொறுக்கப்படாதது, யார் யாருடன் பேசுவதில்லை, எந்த வயலுக்கு எந்தக் குடும்பத்தோடு வழக்கு, யாருடைய கணக்கை மாதக்கடைசி வரை எழுதி வைக்கலாம் என்பதை அறியாமை. இவற்றைக் கற்றுத்தருவது காலைப்பொழுதே. ஊர்க்காரர் ஒருவர் பிள்ளைப்பருவத்திலிருந்து அறிந்து வைத்திருப்பதை அயலார் இருபது காப்பி வீதம் ஆண்டுக்கணக்கில் நின்று அறிகிறார்.

5. அயலார் நடத்துவது புதிதா?

பிரெஞ்சு கஃபேயின் வரலாற்றைப் புரட்டினால் கவுன்ட்டருக்குப் பின்னால் உள்ளூர்க்காரரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, பாரிஸைப் பொறுத்தவரையேனும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவெர்ஞ், அவெரோன் மலைப்பகுதிகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தலைநகரில் தண்ணீர் சுமந்தார்கள், கரி விற்றார்கள், பிறகு கரியோடு வைனும் விற்றார்கள். பூஞா என்று அழைக்கப்பட்ட இவர்கள் தமக்கென 1882இல் 'லோவெர்ஞா தெ பாரி' என்ற பத்திரிகையையே தொடங்கினார்கள். ஜெர்மனி அல்சாஸை இணைத்துக்கொண்டதால் வெளியேறிய லெயோனார் லிப் 1880இல் தொடங்கிய பிராசரியை 1920இல் வாங்கியவர் அவெரோன்காரரான மார்செலேன் காஸ். கபில் பகுதியிலிருந்து வந்த அல்ஜீரியர்கள் தொழிலாளர் குடியிருப்புகளில் நடத்திய கஃபேக்கள் அல்ஜீரிய விடுதலை அரசியலுக்குத் தளமாயின. அண்மைப் பத்தாண்டுகளில் பாரிஸ் வட்டாரப் புகையிலைக் கடைகளுடன் கூடிய பார்கள் பலவற்றைச் சீன வம்சாவளிக் குடும்பங்கள் ஏற்று நடத்துகின்றன. பாரிஸின் லா ஷப்பேலைச் சுற்றி வேர்விட்ட ஈழத்தமிழர்களில் பலர் பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையல்காரர்களாக உயர்ந்தவர்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இவர்கள் அனைவரையும் இணைப்பது ஒன்று: உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று விட்டுப்போன நீண்ட நேரங்களை, குடும்ப உழைப்பைக் கொட்டி, இவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கண்கொண்டு பார்த்தால் கிராமத்து ஆங்கிலேயர் இந்த வரிசையின் அண்மைக்கால உறுப்பினர். ஆய்வுலகம் கபில்காரரைத் தொழிலாளர் இடப்பெயர்வின் கீழும், ஆங்கிலேயரை வாழ்க்கைத்தரத் தேடலின் கீழும் வைக்கிறது. வேறுபாடு பொய்யன்று. ஆங்கிலேயர் வீட்டை விற்ற பணத்தோடு வந்தார். வேண்டாம் என்றால் திரும்பிப்போகும் வசதியும் அவருக்கு இருந்தது. ஆனால் கவுன்ட்டருக்குப் பின்னால் சில ஆண்டுகள் நின்றபின் கையிருப்பு கரைந்து, இங்கிலாந்தின் வீட்டுவிலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால், அந்த வசதியும் போய்விடுகிறது.

முன்னவர்களுக்கும் இந்த ஆங்கிலேயருக்கும் இடையே இன்னொரு முக்கிய வேறுபாடு உண்டு. பூஞாக்களுக்குப் பின்னால் ஊர்க்கட்டு இருந்தது: கடன் கொடுக்கும் உறவினர், ஊரிலிருந்து வரவழைக்கும் இளைஞர், சரக்குக் கொடுக்கும் சொந்த ஊர் வணிகர். கிராமத்து அயல்நாட்டுத் தம்பதிக்கு அப்படி ஒரு வலையும் இல்லை. ஒருவருக்கு முதுகுவலி வந்தால் பார் மூடப்படும். பலர் சில ஆண்டுகளிலேயே விற்றுவிட்டுப் போவதற்குக் குணக்குறையைக் காரணம் காட்டுவது அநீதி.

6. 2021க்குப் பின்

பிரெக்ஸிட் இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தை மாற்றியது. பிரெஞ்சுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தொகுப்பு, மது விற்கும் கடை நடத்துவதைப் பிரெஞ்சுக்காரருக்கும் ஐரோப்பிய ஒன்றிய, ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாட்டவருக்கும் உரியதாக வரையறுத்திருந்தது. ஒன்றியத்துக்குள் இருந்தவரை பிரித்தானியர் கண்ணில் படாத வரி அது. 2021 ஜனவரி முதல் தேதி அவர்கள் மூன்றாம் நாட்டவர் ஆனார்கள். 2020 முடிவதற்குள் குடியேறியவர்களின் உரிமைகளை விலகல் ஒப்பந்தம் காத்தது. புதிதாக வர நினைப்பவருக்கோ 180 நாளில் 90 நாள் தங்கலாம் என்ற வரம்பு. அதற்கு மேல் நீண்டகால விசா, தொழில் திட்டம், வருமானச் சான்று.

இதைவிட ஆழமான இழப்பு ஊராட்சியில் நேர்ந்தது. ஒன்றியக் குடிமக்கள் என்ற முறையில் பிரித்தானியரால் ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது, உறுப்பினராக முடிந்தது. 2020 தேர்தலுக்கு முன் எழுநூறுக்கும் மேற்பட்ட பிரித்தானியர் பிரெஞ்சு ஊராட்சி மன்றங்களில் இருந்தார்கள். ஒரே நாளில் அந்த உரிமை போயிற்று. நடைபாதை மேசைக்கும் விழாக்கால இசைக்கும் அனுமதி தரும் மன்றத்துக்கு ஊரின் ஒரே பாரை நடத்துபவர் வாக்களிக்க முடியாது. பலர் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தது ஏன் என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

7. எதிர்வாதங்கள்

கிராமத்துக்கு பார் உண்மையிலேயே வேண்டுமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பெனுவா கொக்கார் 'சே கி ரெஸ்த்' (2019) நூலில், வடகிழக்கு பிரான்சின் ஆள்குறைந்த வட்டாரங்களில் இளைஞர்கள் கஃபே இல்லாமலேயே செறிவான நட்பு வாழ்வு நடத்துவதைக் காட்டுகிறார். கூடுகை நண்பர்களின் வீடுகளுக்குள் நகர்ந்துவிட்டது. பார் மூடினால் சமூகம் செத்தது என்ற புலம்பலுக்கு இது வலுவான மறுப்பு. ஆயினும் வீட்டுக்கூடுகை அழைக்கப்பட்டவர்களுக்கானது. கொக்காரின் சித்திரத்திலேயே நட்புக் குழுக்களுக்கு வெளியே நிற்பவர்கள் தெரிகிறார்கள். மனைவியை இழந்த முதியவருக்கும், ஊருக்குப் புதிதாக வந்த தாதிக்கும் அழைப்பில்லாமல் நுழையக்கூடிய ஓர் இடம் தேவைப்படுகிறது.

அரசியல் விளைவு பற்றிய சான்றும் எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. யான் அல்கான், க்ளெமான் மால்கூயிர், க்ளோடியா செனிக் ஆகியோர் 2020 ஜனவரியில் அரசின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காக எழுதிய ஆய்வு, மளிகைக்கடை போன்ற அருகமைக் கடைகளை இழந்த கொம்யூன்களில் அரசுக்கு எதிரான மஞ்சள் மேலங்கிப் போராட்டம் கூடுதலாக இருந்ததைச் சுட்டியது. கடைச் சாவியைத் திருப்பித் தந்தால் சினம் தணியும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. கடை மூடியது சரிவின் காரணமா, அடையாளமா என்பது திறந்தே இருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் எனக்கு மிகவும் கடினமானது. பழைய கஃபே ஆண்களின் இடம். காலைக் கவுன்ட்டரைப் போற்றுவது அந்த ஆண்மைய ஒழுங்கைப் போற்றுவதாகாதா? பல ஊர்களில் அயல்நாட்டார் கொண்டுவந்த மாலைநேர நிகழ்ச்சிகள்தாம் பெண்களையும் குடும்பங்களையும் உள்ளே அழைத்தன என்பதை மறுக்க முடியாது. அந்த வகையில் பப்பின் மரபு கிராமத்துக்குக் கொடுத்தது சிறிதன்று. மாலை வேண்டாம் என்பது என் வாதமன்று. மாலையின் வருமானம் காலையைத் தாங்கும்படி அமைந்த இடங்களில் இரு கூட்டத்தாரும் ஒரே மேசைகளை வெவ்வேறு பொழுதுகளில் பயன்படுத்துகிறார்கள். அந்த ஏற்பாடு இரண்டு பேரின் உடல்வலுவை மட்டும் நம்பி நெடுங்காலம் ஓடாது என்பதே என் கவலை.

அரசும் ஊராட்சிகளும் இதைப் பாதி உணர்ந்திருக்கின்றன. சிறு கொம்யூன்களில் கட்டடத்தை ஊராட்சியே வாங்கி, பார், மளிகை, ரொட்டி விற்பனை, அஞ்சல் சேவை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்து ஒருவருக்கு வாடகைக்கு விடும் முறை பரவியிருக்கிறது. குரூப் எஸ்ஓஎஸ் என்ற சமூக நோக்கு நிறுவனம் 2019 செப்டம்பரில் தொடங்கிய '1000 கஃபே' திட்டம் 3,500 பேருக்குக் குறைவான ஊர்களில் கஃபே திறப்பதை நோக்கமாகக் கொண்டது. இவை பெரும்பாலும் கட்டடத்தையும் உரிமத்தையும் தொடக்கச் செலவையும் பற்றிக் கவலைப்படுகின்றன. நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு முதல் பத்து வரை நிற்பவரின் கூலி பொதுச்செலவாகக் கருதப்படுவதில்லை. நூலகருக்கு ஊராட்சி சம்பளம் கொடுக்கிறது. காலைப்பொழுதைத் திறந்துவைப்பதற்கு ஈடாக வாடகையைக் குறைக்கும் ஒப்பந்தமோ, அந்த மூன்று மணிநேரத்துக்கு ஊராட்சியே ஓர் ஆளை அமர்த்துவதோ அதைவிடப் பெரிய புதுமையன்று. இப்போது கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் தம்பதிகளில் பலர் ஐம்பதைக் கடந்து வந்தவர்கள். பத்து ஆண்டுக்குள் விலகுவார்கள். இங்கிலாந்திலிருந்து அடுத்தவர் வருவது பழையபடி எளிதில்லை. அவர்கள் கதவை மூடும் நாளிலிருந்து உரிமத்துக்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள்.